திருடனிடம் ரசீது இருக்கிறது

1970-க்கு முன்னால் தமிழ்நாட்டுச் சாமிகளுக்கு வெளிநாட்டு மோகம் தலைக்கேறிப் போயிருந்திருக்க வேண்டும். நியூயார்க், லண்டன், பாரிஸ் ஏலக் கம்பெனிகளின் கேட்லாக்குகளைப் புரட்டிப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. சோமாஸ்கந்தர் அறுபதுகளிலேயே கிளம்பிவிட்டார். பார்வதி அதற்கும் முந்தி. யாரோ ஒரு ஐரோப்பியச் சீமான், யாரோ ஒரு தூதரக அதிகாரி, யாரோ ஒரு மறைந்த மனிதரின் விதவை என்று ஒவ்வொரு சிலைக்கும் ஒரு வெள்ளைக் குடும்பம் உண்டு. 1985-ல் போன சாமி ஒன்றுகூட இல்லை. 2006-ல் போனது இல்லவே இல்லை.

காரணம் பக்தி சம்பந்தப்பட்டது அல்ல. கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை வந்தது 1970-ல். இந்தியாவின் தொல்பொருள் சட்டம் 1972-ல் நிறைவேறி, 1976-ல் அமலுக்கு வந்தது. நம் தெய்வங்கள் கெஜட்டைப் படித்துவிட்டு, கெடு முடிவதற்குள் பெட்டி கட்டியிருக்கின்றன.

2022 டிசம்பரில் பாரிஸில் கிறிஸ்டீஸ் கம்பெனி ஒரு நடராஜரை ஏலத்துக்கு வைத்தது. எதிர்பார்த்த விலை 2 லட்சம் முதல் 3 லட்சம் யூரோ. அவர் கயத்தாறு கோதண்டராமேஸ்வரர் கோயில் ஆசாமி என்று தமிழ்நாட்டுச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு கண்டுபிடித்து, ஏலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தியது. ஐம்பது வருஷமாகக் காணாத சாமியைக் கண்டுபிடிக்க உதவியது எது? இந்து சமய அறநிலையத் துறையின் பதிவேடா? இல்லை. பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய போட்டோ. பிரெஞ்சுக்காரன் ஏலம் போடுகிறான்; அதைத் தடுக்கவும் பிரெஞ்சுக்காரன் எடுத்த படம்தான் வேண்டியிருக்கிறது. நடுவில் நாம் உண்டியல் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அந்த நிறுவனம் ஐம்பதுகளின் நடுவிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போய்ப் படம் பிடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். இன்றைக்கு எந்தச் சிலை வழக்கை எடுத்தாலும் கடைசியில் போய் நிற்பது அந்தக் கருப்பு வெள்ளை அட்டைகளின் முன்னால்தான். ஸ்ரீபுரந்தானை எடுத்துக்கொள்ளுங்கள். அரியலூர் மாவட்டத்தில் ஒரு சோழர் காலத்துச் சிவன் கோயில். வெகுநாள் பூட்டிக் கிடந்தது. 2006 வாக்கில் உள்ளே புகுந்து சிலைகளைத் தூக்கிவிட்டார்கள். யாருக்கும் தெரியாது. இருக்கிற சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று 2008-ல் அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான், பாதுகாக்க அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. நடராஜர் அதற்குள் கான்பெர்ராவில் குடியேறிவிட்டார். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அவருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் டாலர்.

விற்றவர் நியூயார்க்கின் மாடிசன் அவென்யூவில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர். அவர் நீட்டிய காகிதத்தின்படி அந்த நடராஜரை டெல்லியில் இருந்த சூடான் நாட்டு அதிகாரி ஒருவர் 1970-ல் வாங்கி, வெளியே கொண்டுபோயிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் கலை நிபுணர்கள் அதைப் படித்துப் பார்த்து, தலையாட்டி, செக் எழுதினார்கள். 1994-ல் பிரெஞ்சு நிறுவனத்துக்காரர்கள் ஸ்ரீபுரந்தானுக்குப் போனபோது அதே நடராஜர் அதே கோயிலில் நின்று போஸ் கொடுத்திருக்கிறார். சூடான்காரர் வாங்கிப் போய் இருபத்து நாலு வருஷம் ஆன பிறகும்! ஆனந்தத் தாண்டவம் ஒரே நேரத்தில் எல்லா அண்டங்களிலும் நடக்கும் என்று சைவ சித்தாந்தம் சொல்வதை நான் இதுவரை உருவகம் என்றே நினைத்திருந்தேன்.

கபூர் 2011-ல் பிராங்க்பர்ட்டில் பிடிபட்டு, 2012-ல் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, 2022 நவம்பரில் கும்பகோணம் கோர்ட்டில் பத்து வருஷத் தண்டனை பெற்றார். அது சுத்தமல்லிக் கோயில் வழக்கில். நடராஜர் 2014-ல் ஆஸ்திரேலியப் பிரதமரோடு விமானத்தில் வந்தார். சிலையைக் கையால் திருடியவனுக்குப் போலீஸ் லாரி. வாங்கியவனுக்குப் பிரதமர் விமானம், போட்டோ, கைகுலுக்கல். கலைக்கூடம் எதற்கும் தண்டனை இல்லை. ஏமாந்தவர்களாம். தேனாம்பேட்டையில் பழைய செல்போனை ரசீது இல்லாமல் வாங்கினால் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிடுவார்கள். அறிவாளிகள் நிறைந்த சபை ஆயிரம் வருஷத்துச் சிலையைச் சூடான் கதையோடு வாங்கினால் அதற்குப் பெயர் நல்லெண்ணக் கொள்முதல்.

சிவபெருமானுக்கு இந்தக் காகித விவகாரம் புதிதல்ல. சுந்தரர் கல்யாணத்தன்று கிழ வேதியராக வந்து, 'நீ எனக்கு அடிமை, இதோ உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை' என்று நீட்டியவர்தான் அவர். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது நகல், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர் சபையில் ஏறி, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி, வழக்கை ஜெயித்தார். ஆவணத்தின் அருமை தெரிந்த சாமி. அசலும் நகலும் வேறு என்று ஒரு சபையில் நின்று வாதாடிய ஒரே தெய்வம். அவருடைய கோயில்களை நடத்துகிற துறையிடம் அவருடைய போட்டோகூட இல்லை என்பதை அவர் எப்படித் தாங்குகிறாரோ!

திருவெண்ணெய்நல்லூருக்குப் பிறகு அவர் ஏறிய பெரிய கோர்ட்டு லண்டனில் இருந்தது. 1976-ல் திருவாரூர் பக்கம் பத்தூரில், இடிந்த கோயில் ஒன்றின் அருகே மண்ணைத் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் நடராஜர் தட்டுப்பட்டார். கை மாறிக் கை மாறி லண்டனுக்குப் போனார். பம்பர் டெவலப்மென்ட் என்ற கனடாக் கம்பெனி 1982-ல் அவரை 2.5 லட்சம் பவுனுக்கு வாங்கியது. பழுது பார்க்கப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பியபோது ஸ்காட்லாந்து யார்டு பிடித்துக்கொண்டது. அதன்பின் வழக்கு. இந்திய அரசு, தமிழ்நாடு அரசு ஆகியவற்றோடு அந்த இடிந்த கோயிலும் அதன் சிவலிங்கமும் வாதிகளாகச் சேர்ந்தன. கனடாக் கம்பெனி, இது அந்தச் சிலையே இல்லை, வேறு என்றது. நம் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூடப் பரிசோதனைக்குப் போயின. 1988-ல் கோயில் பக்கம் தீர்ப்பு. 1991-ல் அப்பீலிலும் அதே. அந்த ஆகஸ்டில் நடராஜர் ஊர் திரும்பினார்.

எங்கே திரும்பினார் என்று கேட்கக் கூடாது. பத்தூருக்கு இல்லை, திருவாரூர் சிலைப் பாதுகாப்பு மையத்துக்கு. வாதி ஜெயித்தார், ஜெயித்த வாதியைக் கம்பிக்கு உள்ளே வைத்தார்கள். அந்த மையத்தில் ஆயிரக்கணக்கான உற்சவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு, ஒரு எண். அபிஷேகம் கிடையாது, புறப்பாடு கிடையாது. குற்றவாளிகளில் பெரும்பாலோர் ஜாமீனில் இருப்பார்கள். சாமிக்கு மட்டும் ஜாமீன் மனு போட ஆள் இல்லை.

இவ்வளவையும் கும்பகோணத்துப் பக்கத்து விவகாரமாக எண்ணி, மயிலாப்பூரில் டிகிரி காப்பி குடித்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நாம் அந்த ஊருக்கே வருகிறோம். 2016 கோடையில் போலீஸ் போய் நின்றது ஆழ்வார்பேட்டை முர்ரேஸ் கேட் ரோட்டில், வயதான ஒரு கலைப்பொருள் வியாபாரியின் வீட்டில். கல் விக்கிரகங்கள், ஐம்பொன் சிலைகள், பழைய ஓவியங்கள் என்று லாரிகளில் ஏற்றினார்கள். கபாலீஸ்வரர் கோயிலிலிருந்து அந்தத் தெருவுக்கு நடந்தே போய்விடலாம். இத்தனை வருஷமாக அக்கம்பக்கத்தில் யாருக்கும் எதுவும் தெரியாதாம். எதிர்வீட்டில் புது மருமகள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்று மட்டும் தெருவே சொல்லும்.

தெரியாமல் இல்லை. தென்சென்னையின் பணக்கார வரவேற்பறைகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். வாசலில் செட்டிநாட்டுத் தேக்குக் கதவு. எந்த ஆச்சியின் பேரன் பங்குப் பிரித்து விற்றானோ. அந்தக் கதவுக்கு அடுத்த கதவைப் படுக்கப்போட்டு, மேலே கண்ணாடி பதித்துச் சாப்பாட்டு மேஜை. கல்யாணச் சமையலுக்குப் பாயசம் காய்ச்சிய உருளியில் தண்ணீர் விட்டு ரோஜா இதழ். இதெல்லாம்கூடப் போகட்டும். மரச்சாமானும் பித்தளையும் வாங்குவது விற்பது உலக வழக்கம். பிள்ளைகள் கலிபோர்னியாவில் தங்கிவிட்டார்கள், மயிலாப்பூர் வீடு அடுக்குமாடியாகிறது என்று கிழவர்கள் ஊஞ்சலையும் ரோஸ்வுட் அலமாரியையும் ஏலத்துக்கு அனுப்புவதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த அலமாரியை எந்தத் தாத்தா எந்தச் சம்பளத்தில் வாங்கினார் என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். நான் கேட்பது அந்த அலமாரிக்கு மேலே, கீழிருந்து விளக்குப் போட்டு நிறுத்தியிருக்கிற அம்மனைப் பற்றி. சுவரில் ஓவியம் மாதிரி மாட்டியிருக்கிற தேர்ச் சிற்பப் பலகையைப் பற்றி. அது எந்த ஊர்த் தேர்? அந்த ஊரில் இப்போது தேர் ஓடுகிறதா, அல்லது உங்கள் சோபாவுக்கு மேலே நின்றுவிட்டதா?

கேட்டால் ஒரு புன்னகை வரும். 'இட் இஸ் எ லவ்லி பீஸ், நோ?' சாமி அங்கே பீஸ் ஆகிவிடுகிறது. கடையில் வாங்கினோம், பில் இருக்கிறது என்பார்கள். இருக்கும். பில் இல்லாத திருட்டு இந்தத் தொழிலில் கிடையாது. ஏற்றுமதியிலும் அப்படித்தான். சுவாமிமலையில் புதிதாக வார்த்த சிலையை வெளிநாட்டுக்கு அனுப்ப, இது பழம்பொருள் அல்ல என்று தொல்லியல் துறை சான்று தரும். புதுச் சிலைக்கு வாங்கிய சான்றில் பழைய சிலை ஏறும். கைவினைப் பொருள் என்று லேபிள் ஒட்டிய பெட்டியில் ராஜராஜன் காலத்துச் சாமிகள் சென்னைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரிகளுக்கு ஆசி வழங்கியபடி கப்பல் ஏறினார்கள். சென்னையில் ஏறும்போது நேற்று வார்த்தது, நியூயார்க்கில் இறங்கும்போது பத்தாம் நூற்றாண்டு. காயகல்பத்தைத் தலைகீழாகச் சாப்பிட்ட கதை.

மயிலாப்பூர்க் கதையில் இன்னும் பெரியது ஒன்று உண்டு. தஞ்சாவூர் மாவட்டம் சிவபுரத்தில் 1951-ல் மண்ணுக்குள்ளிருந்து ஒரு நடராஜர் கிடைத்தார். பழுது பார்க்க ஸ்தபதியிடம் கொடுத்தார்கள். ஸ்தபதி ஒரு நகல் செய்து அதைக் கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்தார்; அசல் பம்பாய்க்குப் போனது. ஊர் நகலுக்குத் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தது. ஒரு குருக்களுக்குத் தெரியவில்லை, ஒரு தர்மகர்த்தாவுக்குத் தெரியவில்லை, ஒரு எக்சிகியூட்டிவ் ஆபீசருக்குத் தெரியவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட் 1965-ல் தன் புத்தகத்தில், கோயிலில் இருப்பது புதிதாகச் செய்தது என்று எழுதினார். அப்புறம்தான் நமக்கு விழிப்பு வந்தது. அதற்குள் அசல் நியூயார்க்குக்குப் போய், 1973-ல் கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் 9 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிவிட்டார்.

எனக்கு நார்ட்டன் சைமன் மேல் ஒரு மரியாதை உண்டு. பத்திரிகைக்காரர் கேட்டபோது அவர் சூடான்காரர் கதை சொல்லவில்லை. கடத்தி வந்ததுதான், இரண்டு வருஷமாக நான் வாங்கியதில் பெரும்பகுதி கடத்தல் சரக்குதான் என்று பட்டென்று சொன்னார். இந்த முழு வியாபாரத்திலும் உண்மை பேசிய ஒரே கொள்முதல்காரர் அவர். அதற்காக நாம் அவருக்குக் கொடுத்த பரிசு, இன்னும் பத்து வருஷம் வைத்துக்கொண்டு பிறகு கொடு என்ற ஒப்பந்தம். குத்தகைக்கு விட்ட நஞ்சை நிலம் போல நடராஜரைக் கலிபோர்னியாவில் குத்தகைக்கு விட்டோம். 1986-ல் திரும்பி வந்தார்.

வந்தவரை வைத்த இடம்தான் மயிலாப்பூர், கபாலீஸ்வரர் கோயில். சந்நிதியில் அல்ல, பாதுகாப்பறையில், பூட்டுக்குள். பங்குனியில் அறுபத்து மூவர் விழாவுக்கு நாலு மாட வீதியும் திணறும். மோரும் பானகமும் விசிறியும் கொடுத்துக்கொண்டு, கபாலி கபாலி என்று உருகிக்கொண்டு லட்சம் பேர் சுற்றிவந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் உலகத்தின் மிக அழகான நடராஜர்களில் ஒருவர் பெட்டகத்தில் இருந்தார். அமெரிக்காவிலாவது காசு கொடுத்தால் பார்க்க முடிந்தது.

பூட்டி வைத்த கோயிலாவது தன்னிடம் இருந்ததைக் காத்ததா? மயிலை என்ற பெயருக்கே காரணம், அம்பாள் மயிலாக வந்து சிவனைப் பூஜித்தது. புன்னைவனநாதர் சந்நிதியில் அந்த மயில் இருந்தது, அலகில் பூவோடு. 2004 கும்பாபிஷேகத் திருப்பணிக்குப் பிறகு இருப்பது அலகில் பாம்போடு இருக்கிற மயில். பூ எப்படிப் பாம்பாயிற்று என்று 2018-ல் வழக்குப் பதிவாயிற்று. ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. பழைய மயில் குளத்துக்குள் கிடக்கலாம் என்று 2022-ல் தெப்பக்குளத்தில் தேடல். அதற்குத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் உதவி! ஆழ்கடலில் கனிமம் தேடுகிற நிறுவனம் கபாலி தெப்பக்குளத்தில் மயில் தேடியது. நூறு வருஷத்துக்குள் எத்தனை பேர் அந்தச் சந்நிதியில் திருப்பணிக் கணக்கில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்! அவர்களில் ஒருவராவது மயிலை ஒரு படம் எடுத்து, நீளம் அகலம் குறித்து, ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தால் இந்தக் கடல் பயணம் தேவைப்பட்டிருக்குமா?

திருமங்கையாழ்வார் நிலைமை இன்னும் விசேஷம். அடியார்களுக்குச் சோறு போட வழிப்பறி செய்தவர், மணமகனாக வந்த பெருமாளையே மடக்கி நகையைக் கழற்றச் சொன்னவர், நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைத் தூக்கிவந்து ஸ்ரீரங்கத்து மதிலைக் கட்டியவர் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்லும். சிலைத் திருட்டுக்கு நம் மரபில் ஒரு குலகுரு உண்டென்றால் அது அவர்தான். அவரையே தூக்கிவிட்டார்கள். கும்பகோணம் பக்கம் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலிலிருந்து போன அவர் சிலையை 1967-ல் லண்டன் சதபீஸ் ஏலத்தில் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் மியூசியம் எடுத்தது. 1957-ல் அவர் கோயிலில் இருந்ததற்கு, வேறென்ன, பாண்டிச்சேரிப் படம்தான் சாட்சி. அந்த மியூசியமே 2019-ல் இந்தியாவுக்கு எழுதிச் சந்தேகத்தைத் தெரிவித்தது. ஆக்ஸ்போர்டு திருப்பித்தரச் சம்மதித்தது 2024-ல். பறிகொடுத்தவன் புகார் கொடுக்காமல், வாங்கியவன் கடிதம் எழுதித் தெரிவிக்கிற அதிசயத்தை வேறு எந்தக் குற்றத்திலும் பார்க்க முடியாது.

நம் பக்கம் என்ன நடந்தது? சிலைக் கடத்தலைத் தடுக்க 1983-லிருந்து தனிப் போலீஸ் பிரிவு இருக்கிறது. அதில் வேலை பார்த்த ஒரு அதிகாரி மீதே, பிடித்த சிலைகளை வியாபாரிக்கு விற்றதாகக் குற்றச்சாட்டு எழுந்து கைதானார். அவரைக் கைது செய்த பிரிவின் தலைவர் மீது, கைதானவரின் புகாரை ஒட்டிப் பிற்பாடு சி.பி.ஐ. வழக்கு. யார் திருடன், யார் போலீஸ் என்று பிள்ளைகள் தெருவில் விளையாடுகிறார்களே, அதில்கூட இந்த அளவுக்கு இடம் மாற மாட்டார்கள். சிலைகள் போனது பற்றாதென்று 41 சிலைத் திருட்டு வழக்குகளின் கோப்புகளும் காணாமல் போய்விட்டதாக ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார். அந்தக் கோப்புகள் எந்த ஏலத்தில் வருமோ. வந்தால், 1970-க்கு முன்னால் ஒரு சூடான் அதிகாரி வாங்கியது என்று கேட்லாக்கில் போட்டிருக்கும்.

இதில் நிஜமாக வேலை செய்தவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். சிங்கப்பூரில் கப்பல் கம்பெனி வேலையில் இருந்துகொண்டு எஸ். விஜயகுமாரும் அவருடைய இந்தியா பிரைடு பிராஜெக்ட் நண்பர்களும் ராத்திரி ராத்திரியாக ஏல கேட்லாக்குகளைப் பழைய படங்களோடு ஒப்பிட்டார்கள். உடைந்த விரல், வளைந்த திருவாசி, பீடத்தில் ஒரு வெடிப்பு. அதைப் பிடித்துக்கொண்டு கடல்கடந்து மல்லுக்கட்டினார்கள். நுங்கம்பாக்கத்தில் பெரிய கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிற துறைக்கு நாற்பதாயிரத்துக்குக் குறையாத கோயில்கள், இணை ஆணையர், துணை ஆணையர், உதவி ஆணையர், ஆய்வாளர், ஜீப். சிலை வந்து இறங்கியதும் மாலை போட்டு நிற்க எல்லோரும் விமான நிலையத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்தப் பெரிய துறை செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒவ்வொரு கோயில் வாசலிலும், அன்னதான நன்கொடையாளர் பெயரும் டியூப் லைட் உபயதாரர் பெயரும் எழுதியிருக்கிற அதே சுவரில், உள்ளே இருக்கிற ஒவ்வொரு சிலையின் படத்தையும் ஒட்டி, உயரம், எடை, உடைந்த விரல் எது என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு செல்போன், ஒரு தராசு, ஒரு டேப், ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் போதும். டெண்டர் தேவையில்லை. ஏன் செய்யவில்லை என்று கேட்டால், படத்தைப் போட்டால் திருடனுக்கு எது இருக்கிறது என்று தெரிந்துவிடும், பாதுகாப்புப் பிரச்சினை என்பார்கள். திருடனுக்கு ஏற்கெனவே தெரியும். அவனிடம் விலைப்பட்டியலே இருக்கிறது. தெரியாமல் இருப்பது மற்றவர்களுக்குத்தான். சுவரில் படம் இருந்தால், பிரதோஷத்துக்கு வருகிற எந்தக் கிழவியும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'ஏன்டாப்பா, இவருக்கு அந்த விரல் எப்படி வளந்துது?' என்று கேட்டுவிடுவாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கிற அதிகாரி யாராவது உண்டென்றால், முதல் படத்தை அவர் மயிலாப்பூரில் ஒட்டட்டும்.